தங்கப்பழம் வீட்டுத் தண்ணீர்

சொக்கன்விளையில் ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, ஊருக்குக் கிழக்கே இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்பக்கக் குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போக வேண்டிய தண்ணீர், அப்படிப் போகாமல், தொட்டியிலிருந்து எழுந்து முன்கேட் வழியாக வெளியே வந்து, தார்ச்சாலையில் இடதுபக்கமாகவே ஒதுங்கி நடந்து, ரயில்வே கேட் மூடியிருந்ததால் பாசஞ்சர் வண்டி கடந்து போகும்வரை பொறுமையாக நின்று, கேட் திறந்ததும் தெருத்தெருவாகப் பிரிந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசல்களில் அறுநூற்றுப் பன்னிரண்டு தண்ணீராகப் போய் நின்றது. அந்தந்த வீட்டுக்காரர்கள் செலவழித்த அளவுக்குத்தான் அதது இருந்தது. சில வீடுகளில் கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றது, சில வீடுகளில் ஒரு கோழி அளவுக்குத்தான் தேறியது.

சொக்கன்விளைக்காரர்கள் எதற்கும் சட்டென்று ஆச்சரியப்பட்டுவிட மாட்டார்கள். அதை ஒரு கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள். “யாரு அது வாசல்ல?” என்று உள்ளே இருந்தபடியே கேட்டார்கள். பதில் இல்லாததால் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர், செருப்பு கழற்றும் இடத்துக்கு ஓரடி தள்ளி, யாராவது ஏதாவது சொல்லட்டும் என்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் படார் படார் என்று கதவைச் சாத்தினார்கள். விளக்கு வைக்கிற நேரம்வரை அது நின்றது. பிறகு, மூக்கால் விடும் பெருமூச்சு மாதிரி ஒரு சின்னச் சத்தம் செய்துவிட்டு, வந்த வழியே திரும்பிக் கால்வாயில் இறங்கிவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் ஆபரேட்டர் தங்கப்பழம்தான் என்று பிறகு பேரூராட்சித் தீர்மானத்தில் எழுதினார்கள். அது முழுப்பொய்யும் இல்லை. தங்கப்பழம் எதையும் திருத்தமாகச் செய்யும் மனிதர். ஆயுத பூஜை அன்று மோட்டாருக்கும் காற்று ஊதும் எந்திரத்துக்கும் குப்பையைத் தடுக்கும் பெரிய சல்லடைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் வாழைக்கன்று கட்டி, பிள்ளையார் கோயில் அர்ச்சகரைக் கையோடு சைக்கிளில் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தார். அர்ச்சகர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியின் விளிம்பில் நின்றார்.

“யார் பேருக்கு அர்ச்சனை?”

“இது ஊர்த் தண்ணி சாமி. ஊர் பேருக்கே பண்ணிருங்க.”

“ஊருக்கு ஏதுய்யா நட்சத்திரம்? ஆள் பேரைச் சொல்லும்.”

யார் பேரைச் சொல்வது, யாரை விடுவது? ஒருவரையும் விட மனமில்லாமல், தங்கப்பழம் ஆபீஸ் அறைக்குள் போய்ப் பாதாளச் சாக்கடை இணைப்புப் பதிவேட்டை எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். பேர், தெரு, கதவு எண். நட்சத்திரம் தெரியாத இடத்தில் கதவு எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று அர்ச்சகரும் மூக்கைப் பொத்திய குரலில் ஒப்புக்கொண்டார். ஒரு பேருக்கு ஒரு பூ என்று தொட்டிக்குள் விழுந்தது. முந்நூற்றுச் சொச்சத்தில் அரளி தீர்ந்து துளசிக்குப் போனார்கள், ஐந்நூறில் துளசி தீர்ந்து, வேலியோரத்து அருகம்புல்லுக்கு வந்தார்கள். (கீழத்தெருவின் கடைசி நூறு வீட்டுத் தண்ணீர் மட்டும் தினமும் ஐந்து நிமிடம் பிந்தியே வந்ததற்கு இந்த அருகம்புல்தான் காரணம் என்று அங்கிருப்பவர்களுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு.) இப்படித்தான் தண்ணீருக்கு விலாசம் தெரிந்தது. எல்லாம் முடிந்ததும் அர்ச்சகர், “உம்ம பேரு விட்டுப்போச்சே?” என்றார்.

“எனக்குக் கனெக்‌ஷன் கிடையாது சாமி” என்றார் தங்கப்பழம், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கப்பழத்துக்கு எதற்கும் சிரிப்புதான் வரும். பேரூராட்சி ஆபீஸில் அவரை உட்காரச் சொல்லாதபோதும் சிரிப்பார், டீக்கடையில் அவருக்கு மட்டும் காகிதக் கப்பில் கொடுக்கும்போதும் சிரிப்பார், ‘சாக்கடை ஆபீஸ்’ என்று தெருவில் கூப்பிடும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால், அவருடைய மனைவி ஜெயக்கொடியின் அண்ணன் செல்வக்கனி, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், புது வீட்டுக்குப் பால் காய்ச்சி ஊருக்கே சாப்பாடு போட்டார். பந்தியில் ஆள் பற்றவில்லை. தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஜாடியைத் தூக்கினார். முதல் இலையில் உட்கார்ந்திருந்த சேர்மன் பூவலிங்கம், வலது கையால் பருப்பைப் பிசைந்துகொண்டே, இடது உள்ளங்கையால் டம்ளரின் வாயைப் பொத்தினார். தங்கப்பழம் சிரித்தபடி அடுத்த இலைக்குப் போனார். அங்கேயும் ஒரு கை. அதற்கடுத்த இலையிலும் ஒரு கை. ஐம்பத்திரண்டு இலை, ஐம்பத்திரண்டு இடது கை. ஜாடியில் ஒரு சொட்டுக் குறையாமல் பந்தியின் கோடிக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே அப்பளக் கூடையோடு நின்றிருந்த ஜெயக்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்றைக்கு அண்ணன் வீட்டில் தங்கினவள் பிறகு திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. தங்கப்பழம் யோசித்து யோசித்து, நாற்றத்தால்தான் என்று முடிவு கட்டினார். கீழத்தெருவில் குடியிருந்த வாடகை வீட்டைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, நிலையத்தின் மோட்டார் அறைக்குப் பக்கத்திலேயே குடிவந்தார். காலையில், மதியத்தில், அந்தியில் என்று மூன்று வேளையும் சோப்பு கரையக் கரையக் குளித்தார். மூன்று வேளையும் கையை மோந்து பார்த்தார். ஒரு நாள் ஜெயக்கொடி வருவாள், வரும்போது தன்மேல் எந்த வாடையும் இருக்கக்கூடாது. நாலு வருஷமாக அந்த மனிதருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

இரண்டாம் நாளும் நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருக்க, ஓய்வுபெற்ற தபால்காரர் தாணுலிங்கம் மட்டும் கதவைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற தண்ணீரைச் சுற்றி வந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, “அண்ணாச்சி, அது கழுவுன தண்ணியில்லா? உள்ள விட்ராதிய” என்றார்.

“விலாசம் சரியா இருக்கு. ஆளும் வீட்ல இருக்கேன். பொறவு எப்பிடிவே திருப்பி அனுப்ப?” என்றார் தாணுலிங்கம். முப்பத்தாறு வருஷத்தில் சரியான விலாசத்துக்கு வந்த எதையும் அவர் திருப்பி அனுப்பினதில்லை. தபாலைக் கொடுக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கத்தில், “தாணுலிங்கம் வீட்டுத் தண்ணி, உள்ள வாரும்” என்றார். அவ்வளவுதான், தண்ணீர் ஒரு குலுக்குக் குலுங்கி, படியேறி, நடுவீட்டை நனைக்காமல் சுவரோரமாகவே நடந்து, கொல்லைப்புறத் தொட்டிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. தாணுலிங்கம் அதில் ஒரு வாளி மொண்டு குளித்தார். மறுநாள் காலையில் அவர் உயிரோடும் முன்னைவிட வெளுப்பாகவும் பால் வாங்க வந்ததை ஊர் பார்த்தது.

அதன் பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. பழகுவதற்கு ஒன்பது நாள்தான் ஆனது. நாலு மணிக்கு முகம் கழுவி, வாசல் பெருக்கி, தண்ணீருக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். அந்தந்த வீட்டு ஆள் வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது உள்ளே வரும், அடுத்த வீட்டுத் தண்ணீரைக் கூப்பிட்டால் அசையாது என்பதை, அடுத்த வீட்டுத் தண்ணீரைக் கூப்பிட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். கூப்பிட ஆள் இல்லாத வீட்டுத் தண்ணீர் விளக்கு வைக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கால்வாய்க்குப் போனது. செல்வக்கனியின் கடையில் அண்டாவும் பிளாஸ்டிக் டிரம்மும் வாங்க வரிசை நின்றது. தண்ணீர் சிக்கனம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பேசும் தலைமையாசிரியர் வீட்டு வாசலில் வந்து நின்ற தண்ணீர் மாடி ஜன்னலை மறைத்ததால், அவர் மறுநாள் முதல் நீண்ட விடுப்பில் போனார். பெண் பார்க்க வருகிறவர்கள் நாலு மணிக்கே வந்தார்கள். பெண்ணையும் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுத் தண்ணீரின் நடை எப்படி, அடக்க ஒடுக்கமாக வருகிறதா, வழியில் நின்று வம்பு கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியிருந்த அண்ணன் தம்பி இருவரின் வீட்டுக்கும் பழைய இணைப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதால், அவர்களுடைய தண்ணீர் ஒன்றாகவே வந்து சுவரின் முனையில் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால்தான் நகர்ந்தது. பதினோரு வருஷமாகப் பேசாதவர்கள், தினமும் நாலேகால் மணிக்கு வெளியே வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கோரஸாக ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மறுபடியும் பகையாளிகளாக உள்ளே போனார்கள்.

மாவட்டத்திலிருந்து என்ஜினீயர் வந்தார். தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்துப் பரிசோதித்து, சுத்தம் அரசு சொன்ன அளவுக்கு மேலேயே இருக்கிறது என்று எழுதி, ‘வெளியேற்றும் முறை’ என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ‘தானாக’ என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பத்திரிகை நிருபரும் வந்தார். ஆனால் அன்றைக்குப் பக்கத்து ஊரில் வாழை ஒன்று இரட்டைக் குலை தள்ளியிருந்ததால் அங்கே போய்விட்டார்.

ஊரே இப்படி ஆளுக்கொரு தண்ணீரோடு சந்தோஷமாக இருக்க, ஒரே ஒரு தண்ணீருக்குத்தான் போக்கிடம் இல்லாமல் இருந்தது. தங்கப்பழம் குளித்த தண்ணீரும் அதே தொட்டிகளில்தான் கலந்தது. அதுவும் அதே சல்லடையில் வடிந்து, அதே காற்றில் புரண்டு, அதே மண்டியை விட்டுத் தெளிந்து, நாலு மணிக்கு மற்றவைகளோடு சேர்ந்து எழுந்தது. எழுந்து கேட்வரைக்கும் போகும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கும். பிறகு திரும்பி வந்து, தெளியவைக்கும் வட்டத்தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கும். மூன்று வேளை குளிக்கிற மனிதரின் தண்ணீர் என்பதால் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. ஊரிலேயே தனி ஒருவருக்கு இவ்வளவு பெரிய தண்ணீர் வேறு யாருக்கும் இல்லை. தங்கப்பழம் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘என்னைய மாதிரியேதாம்ல இருக்க’ என்று அதனிடம் சொல்லிச் சிரிப்பார்.

அதற்கு ஒரு விலாசம் வாசிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பூவும் இருக்கிறது, தொட்டியும் இருக்கிறது. ஆனால் மேலரத வீதி செல்வக்கனி வீட்டின் கதவு எண் செல்வக்கனி பேரில்தான் பதிவாகியிருக்கிறது. பதிவேட்டில் இல்லாத ஒன்றை இருப்பதாக வாசிப்பது பொய்க் கணக்கு. தங்கப்பழம் தம் வாழ்க்கையில் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. அதனால் பேசாமல் இருந்தார்.

இருந்திருப்பார், சேர்மன் பூவலிங்கத்தின் தண்ணீர் மட்டும் ஒழுங்காக வீட்டுக்குப் போயிருந்தால். அது தினமும் தியேட்டர் முக்கு வரைக்கும் ஒன்றாக வரும். அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போகும், மறுபாதி லட்சுமி நகரில் மாடியில் மல்லிகைக்கொடி படர்ந்த ஒரு வீட்டுக்குப் போகும். தியேட்டர் முக்கில் நாலு மணிக்கு நூறு பேர் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். சேர்மனின் மனைவி ஒரு நாள் மறுபாதியின் பின்னாலேயே நடந்து போய்விட்டு வந்தார். அந்த வாரமே பேரூராட்சிக் கூட்டத்தில், தண்ணீர் தெருவில் நடப்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றும், வருகிற வெள்ளிக்கிழமை அதே அர்ச்சகரை வைத்து அதே பதிவேட்டை வாசித்து, எல்லாத் தண்ணீரின் விலாசத்தையும் ‘கால்வாய்’ என்று மாற்றிவிடுவது என்றும் தீர்மானம் நிறைவேறியது. இதுவரை நடந்ததற்குப் பொறுப்பாளி ஆபரேட்டர் என்று கடைசி வரியில் சேர்த்துக்கொண்டார்கள். தீர்மானத்தின் நகலைக் கையில் வாங்கும்போதும் தங்கப்பழம் சிரித்தார்.

வியாழக்கிழமை மதியம் அவரால் சாப்பிட முடியவில்லை. நாளைக்கு எல்லாத் தண்ணீரும் கால்வாய்க்குப் போய்விடும், பிறகு அவருடையதும் அவற்றோடு இறங்கிவிடும், ஜெயக்கொடியின் வாசலுக்குப் போக அதற்கு இருந்த ஒரே ஒரு சாயங்காலம் இன்றைக்குத்தான். மூன்று மணிக்குக் குளித்தார். வேலியில் இருந்த செவ்வரளியை ஒரு பிடி பறித்துக்கொண்டு தொட்டியின் விளிம்பில் அர்ச்சகர் நின்ற இடத்தில் போய் நின்றார். மந்திரம் தெரியாது. “பேரு, தங்கப்பழம்” என்றார். “நட்சத்திரம், உத்திரட்டாதி.” ஒரு பூவைப் போட்டார். “வீடு...” என்று நிறுத்தினார். கதவு எண் சொல்ல வாய் வரவில்லை, பொய்க் கணக்கு எழுத மனசும் வரவில்லை. காற்று ஊதும் எந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் உண்மை எதுவோ அதைச் சொன்னார்.

“வீடு, ஜெயக்கொடி.”

பிடிப் பூவையும் உள்ளே போட்டார்.

நாலு மணிக்கு அவருடைய தண்ணீர் கேட்டில் நிற்கவில்லை. முதல் ஆளாக வெளியே போனது. தங்கப்பழம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாதவர்போலப் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனார். ரயில்வே கேட்டில் அது நின்றபோது அவரும் நின்றார். பஜாரில் அதன் உயரத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மேலரத வீதியில் செல்வக்கனி வீட்டு வாசலில், பின்னால் வந்த அந்த வீட்டுத் தண்ணீரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிய பிறகும், இது நின்றபடியே பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்வக்கனி வெளியே வந்தார். “இது யாரு வீட்டுத் தண்ணிடே, வழி தப்பி வந்து நிக்கி?” என்று அண்ணாந்து பார்த்தவர், கரண்டுக் கம்பத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற தங்கப்பழத்தையும் பார்த்துவிட்டார். “மாப்பிள, உம்ம தண்ணியாவே?”

தங்கப்பழம் தலையாட்டிச் சிரித்தார்.

தெரு கூடிவிட்டது. முதலில் யாரோ விளையாட்டாக, “தங்கப்பழம் வீட்டுத் தண்ணி, வா!” என்று கூப்பிட்டார்கள். அது அசையவில்லை. அப்புறம் எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார், தையல்காரர் கூப்பிட்டார், டீக்கடைக்காரர் கூப்பிட்டார், பிறகு எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். சாக்கடை ஆபீஸ் என்றே நாலு வருஷமாகக் கூப்பிட்ட வாய்களெல்லாம் தங்கப்பழம், தங்கப்பழம் என்று கத்தியதில் தெரு அதிர்ந்தது. தண்ணீர் பச்சைக் கதவைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கூப்பிட வேண்டிய ஒருத்தி கதவுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளால் கூப்பிட முடியாது என்பதும் தெரிந்திருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஜெயக்கொடி புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வாள், ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள்.

ஆறு மணி நெருங்கியது. ஒன்றிரண்டு வீட்டில் விளக்கு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். செல்வக்கனிக்குப் பொறுமை போய்விட்டது. மகளுக்குச் சம்பந்தம் பேச அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. “அவுக வார நேரத்துல வாசல்ல இந்தத் தண்ணி நின்னா என்ன நெனப்பாக?” என்றபடி, தெரு பெருக்கும் வாரியலை எடுத்து, ஓரத்தில் சாக்கடை ஓடும் வாறுகாலுக்குள் தள்ளிவிட ஓங்கினார். தங்கப்பழம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வாரியலின் நுனி தண்ணீரில் பட்டது. தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடுங்கியது.

“கையை வைக்காதேயும்!”

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் தேடினார்கள். தங்கப்பழமும்தான் தேடினார். சைக்கிள் கீழே விழுந்து கிடந்தது. அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாத முகத்தை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

“நாலு வருசமா மூணு வேளையும் குளிச்ச தண்ணி அது. மூணு தொட்டி தாண்டித் தெளிஞ்ச தண்ணி. இந்தத் தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாம உங்க அத்தன பேர் அழுக்கையும் நாந்தாம்யா கழுவுதேன். நான் ஊத்துனா டம்ளரப் பொத்துவியோ? பொத்துங்க! என் தண்ணி மேல வாரியல் பட்டுச்சு, மச்சான்னு பாக்க மாட்டேன்!”

சொல்லி முடித்தவரின் கண்ணில் நீர் நின்றது. செல்வக்கனி வாரியலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பச்சைக் கதவு திறந்தது. ஜெயக்கொடி வெளியே வந்து, படியில் நின்று, புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்தக் கோவம் வர்றதுக்கு நாலு வருசமா?” என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரின் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

“தங்கப்பழம்” என்றாள் ஜெயக்கொடி. இருபத்திரண்டு வருஷம் உள்ளே கிடந்த பேர் என்பதால் வேண்டியதைவிடச் சத்தமாகவே வெளியே வந்தது. “தங்கப்பழம் வீட்டுத் தண்ணி, வா.”

தண்ணீர் ஒரே எட்டில் படியேறி அவள் காலை நனைத்தது. ஆனால் உள்ளே போகவில்லை. அது என்ன யோசிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. “இது அண்ணன் வீடுல்லா, இங்க எப்பிடி வரும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தங்கப்பழத்தைப் பார்த்து, “நம்ம வீட்டுச் சாவி எங்க?” என்றாள். அவர் அரைஞாண் கயிற்றைத் தடவி, முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல், பல்லால் கடித்து எடுத்துக் கொடுத்தார்.

மூன்று பேரும் கீழத்தெருவுக்கு நடந்தார்கள்: முன்னால் ஜெயக்கொடி, நடுவில் தண்ணீர், பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தங்கப்பழம். பஜாரைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “மூணு வேளை எதுக்குக் குளிக்கிய?”

“நாத்தம்னுதான போயிட்ட.”

“நாத்தம்னு நான் எப்பச் சொன்னேன்? அம்பத்திரண்டு பேரு டம்ளரப் பொத்துதானுவ, நீங்க பல்லக் காட்டிக்கிட்டே அடுத்த எலைக்குப் போறிய. அந்தச் சிரிப்பத்தான் என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல.”

தங்கப்பழத்துக்கு வழக்கம்போல் சிரிப்பு வந்தது. பாதியில் அதை விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி அர்ச்சகர் வந்தார், பதிவேடு வந்தது, அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வாசித்து அறுநூற்றுப் பன்னிரண்டு தண்ணீருக்கும் கால்வாய் என்று விலாசம் மாற்றினார்கள். அன்றைக்கு நாலு மணிக்குத் தெருக்கள் வெறிச்சென்று கிடந்தன. பழக்க தோஷத்தில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் நாலேகால் மணிக்குச் சுவர் முனைக்கு வந்து, கூப்பிட ஒன்றும் இல்லாததால் சும்மா நின்றுவிட்டு, “மழை வரும்போல இருக்கு” என்று கோரஸாகச் சொன்னார்கள். தங்கப்பழத்தின் பேர் பதிவேட்டில் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஊரில் ஒரே ஒரு தண்ணீர் மட்டும் அதன்பிறகும் கீழத்தெருவுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு வேளைக் குளியலுக்கு அவர் குறைத்துக்கொண்டதால் அது பாதியாக இளைத்திருந்தது. ஜெயக்கொடி தெருவே கேட்கும்படி பேர் சொல்லி அதை உள்ளே கூப்பிடுவாள். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வருகிறவரை மட்டும் “ஏங்க” என்றுதான் கூப்பிடுவாள்.

தை மாதம் செல்வக்கனி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஆள் பற்றவில்லை. தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஜாடியைத் தூக்கினார். பந்தியின் கோடியில் அப்பளக் கூடையோடு ஜெயக்கொடி நின்றிருந்தாள். முதல் இலையில் சேர்மன் பூவலிங்கம், வலது கையால் பருப்பைப் பிசைந்துகொண்டே, இடது உள்ளங்கையால் டம்ளரின் வாயைப் பொத்தினார்.

தங்கப்பழம் சிரிக்கவில்லை. அடுத்த இலைக்கும் போகவில்லை. ஜாடியை இடுப்பில் தாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். சாம்பார் வாளி அவரைச் சுற்றிப் போனது, கூட்டும் பொரியலும் அவரைச் சுற்றிப் போயின, வத்தக்குழம்பு வந்து போனது. சேர்மன் இடது கையை எடுக்கவில்லை. இவரும் நகரவில்லை. முதல் இலை தாண்டாமல் மற்ற ஐம்பத்தொரு இலைக்கும் தண்ணீர் போக வழியில்லை என்பதால் பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்த ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ரசம் ஊற்றும்போது சேர்மனுக்கு விக்கல் எடுத்தது. முதல் விக்கலை இருமல் மாதிரி ஆக்கிச் சமாளித்தார். இரண்டாவதுக்கு மூச்சைப் பிடித்தார். மூன்றாவதில் இலையே துள்ளியது. அப்பளக் கூடைக்குப் பின்னாலிருந்து ஜெயக்கொடி, “தலையத் தட்டுங்க யாராவது” என்றாள். நாலாவது விக்கலுக்குச் சேர்மனின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவர் கையை எடுத்தார்.

தங்கப்பழம் டம்ளர் நிறைய ஊற்றினார். சேர்மன் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார். காலி டம்ளரை இன்னொரு தரம் நிரப்பிவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.